பின்பக்கப் பாதையில் போன லோரி

சிம்பாங் அம்பாட் தோட்டம்,
5.10.1997

என் தங்கச்சி பெற்ற தங்கமே, தினேசு,

வாய் என்னுடையது, எழுத்து பள்ளிக்கூடத்து செலினா டீச்சருடையது. உன் அத்தை ராஜம்மா போனது எந்த வருஷம் என்று டீச்சர் கேட்டார். எலெக்ஷன் நடந்த வருஷம், ஒன்பதாம் நம்பர் காட்டில் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருஷம், திருவிழா மழையில் காவடியெல்லாம் நனைந்த வருஷம் என்றேன். "அப்படின்னா தொண்ணூத்தஞ்சு, தாத்தா" என்றார். எனக்கு நம்பர் வராது. நடந்தது மறக்காது.

இங்கே ஒரே புகைமூட்டம். எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியவில்லை. எனக்கு வெறும் இருமல்தான், பயப்படாதே. நீ கடல் தாண்டி சபா போய் ரெண்டு தீபாவளி ஓடிவிட்டது. பிரமோஷன் என்று உன் அம்மா சொன்னாள். பிரமோஷன் கிடைத்தவனுக்கு லீவு கிடைக்காதா லா?

உன் அத்தை கருமாதி முடிந்த மறுநாள், கிளினிக் கட்டப்போகிறோம் என்று எலெக்ஷனில் ஜெயித்த ஒய்.பி.யின் ஆள் ஒருத்தன் பேப்பர் கொண்டு வந்து என் பெருவிரலை உருட்டிக்கொண்டு போனானே, அந்தக் கிளினிக் இன்னும் வரவில்லை.

ஒன்று கேட்பேன், கோபிக்காதே. அன்றைக்கு ஆம்புலன்சில் வந்தவன் நீதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் மருந்து கொடுத்த காலத்தில் செய்தமாதிரியே உன் அத்தையை லோரியில் ஏற்றி, பின்பக்கப் பாதையில் உங்களுக்கு எதிரே கொண்டுவந்தோம். பாதை முனையில் ஒரு மணி நேரம் நின்றோம். ஏன் மருமகனே அவ்வளவு நேரம்? குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு சாகலாமே என்றுதான்.

உன் தாய்மாமன்,
வடிவேலு

சபா,
22.10.1997

அன்புள்ள மாமாவுக்கு, மருமகன் தினேஸ்வரன் கும்பிட்டு எழுதுவது.

வெறும் இருமல் என்று ஒன்று கிடையாது. நாளைக்கே டவுன் கிளினிக்குக்குப் போங்கள். செலினா டீச்சர், இந்த வரியைச் சத்தமாக வாசியுங்கள்.

இங்கே பாதி அவசர அழைப்புக்குப் படகில்தான் போகிறோம். போன வாரம் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்குக் கரை வந்து சேரும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது, என் கையில்! அதே நாள் எங்கள் ஒரே ஆம்புலன்ஸ், ஒரு பெரிய மனிதர் ரிப்பன் வெட்டும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. யாருக்காவது மயக்கம் வந்தால் வேண்டுமாம். ஒருத்தருக்கும் வரவில்லை. அவர் சுகாதாரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

ஆஸ்பத்திரித் துணி வெளுப்பதையும் கூட்டிப் பெருக்குவதையும் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்து ஆம்புலன்சா என்று இங்கே பேச்சு. எந்தக் கம்பெனி மாமா நம் தோட்டத்து மண்ரோட்டுக்குள் வண்டியை விடும்? ஓட்டுக் கேட்கும்போது எல்லாரும் கிளினிக் கட்டுகிறார்கள், வாயாலேயே.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: நாங்கள் வழி தவறிவிட்டோம். ஆபீசிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குள் ஓடியதும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியை இறக்கி வைத்ததும்தான் எனக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறது. மேலே கேட்காதீர்கள், மாமா.

மறவாத மருமகன்,
தினேஸ்வரன்

சிம்பாங் அம்பாட் தோட்டம்,
9.11.1997

தினேசு,

உன் கடிதத்தை டீச்சரை மூணு தடவை வாசிக்க வைத்தேன். மூணு தடவையும் கஞ்சிக்கிட்டே நிறுத்தச் சொன்னேன்.

உலையில் நொய் அரிசியைப் போட்டுவிட்டுத்தான் உன் அத்தை நெஞ்சைப் பிடித்தாள். அடுப்பை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. நீ ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் சட்டியில் கரிதான் இருந்திருக்கும். கொதிக்கும்போதே வந்திருக்கிறாய். நாங்கள் கிளம்பின சூடு ஆறுவதற்குள் நீ மெயின் கேட் வழியாக வந்து, காலி வீட்டில் நின்றிருக்கிறாய். லயத்தில் கேட்க ஒரு ஆள் இல்லை, எல்லாரும் வேலைக்காட்டில். எங்களைத் தேடியே அந்த ஒரு மணி நேரம் போயிருக்கிறது.

உன் அம்மாவைக் கூப்பிட்டு அதட்டினேன். அழுதுவிட்டாள். "அந்தப் பேப்பர் கிளினிக்குக்கு இல்லேண்ணே, ஆம்புலன்ஸ் லேட்டுன்னு புகாரு. அதுல உன் கைநாட்டு. அத்தைய வெளியே கொண்டுபோனது மாமான்னு எழுதினா மாமா தாங்க மாட்டாரும்மான்னு, பழியத் தன் தலையில போட்டுக்கிட்டான். பிரமோஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல, சபாவுக்குத் தூக்கி அடிச்சிட்டாங்க" என்றாள்.

அடே மடையா, ஜப்பான்காரன் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனபோதே சாகாதவன் நான். உண்மையைக் கேட்டா சாவேன்?

வீட்டிலேயே படுக்க வைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று உன்னிடம் கேட்க மாட்டேன். நீயும் சொல்லாதே.

நடந்ததை நடந்தபடி மலாக்கா சுகாதார இலாகா பெரிய ஆபீசுக்கு எழுதியாயிற்று. டீச்சர் வாசித்துக் காட்டிய பிறகுதான் இந்தத் தடவை விரலை வைத்தேன். நீ ஊர் திரும்பும் வழியைப் பார்.

"சாட்சி யாருன்னு கேப்பாங்க, தாத்தா" என்றார் டீச்சர். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிய ஆபீஸ் கிராணி தம்புசாமி வேலையை விட்டு மஸ்ஜித் தானாவில் மகன் வீட்டோடு இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். லோரி ஓட்டிய சுப்பன் சர்க்கரையில் காலை எடுத்து, போன வைகாசியில் செத்தான். உன் அத்தை தலையை மடியில் தாங்கிக்கொண்டு வந்த முத்தாயி, இந்தப் புகையில் மூச்சு முட்டி தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் போனாள். அந்த லோரியில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான். "பின்பக்கமா விடுடா சுப்பா" என்று சொன்னவன்.

வடிவேலு.