எதிர்க்காற்று

மரக்காணம் உப்பளம்
மே 1974

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

ஐம்பதை நெருங்கும் காவலாளிகள் அடுத்த வெள்ளிக்கிழமை மாலை வரப்பின் கோடிவரை ஓடித் திரும்ப வேண்டும். நேரம் பிந்தினால் வேலை இல்லை. பயப்படாதே, பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். கடலோரத்திலிருந்து ரோடு வரை தினமும் ஓடினேன். உன் அப்பா போட்ட கைக்கடிகாரத்தில் உப்பு வாரும் சிங்காரம் நேரம் பார்த்தான். நேரம் குறையக் குறைய எனக்கு வயதே குறைவதாக நினைத்தேன். போன வாரம் அவன் சிரித்தான்.

"அண்ணே, கடல்காத்து உங்கள தள்ளிக்கினு போவுது. திரும்பி ஓடிப் பாருங்க."

ஓடினேன். பாதியில் நின்றுவிட்டேன். அன்றிலிருந்து எதிர்க்காற்றில்தான் ஓடுகிறேன். இன்னும் கொஞ்சம் பிந்துகிறது.

பாத வெடிப்பில் உப்பு எரிகிறது. நீ காய்ச்சும் எண்ணெய் கொடுத்தனுப்பு.

தந்தி வந்தால் பதறாதே, ஜெயித்தேன் என்று அர்த்தம். தோற்றால் தந்தி வராது. வாசலில் நான் நிற்பேன். எதுவும் கேட்காமல் சோறு போடு.

உன்,
தனக்கோடி