பேத்தியில்லை, பெறாமகள்

பலெர்மோ
மே 14

அன்பு மகள் றெபேக்காவுக்கும் மருமகன் கொட்வினுக்கும்,

எடின்பரோவில் நீங்கள் இருவரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

அம்மா வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோரா எலெனா, ஸ்கொட்லாந்தின் கிளென்வாரா பிரபுப் பட்டம் கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தை, பட்டங்களைப் பதியும் லண்டன் அலுவலகம் மறுபடி கையிலெடுத்திருக்கிறது. அவருடைய ஸ்கொட்லாந்து வழக்கறிஞர் நேற்று மின்னஞ்சலில் எழுதியது இது, நானும் வாசித்தேன். கோயிலில் கதைப்பதுபோல் பட்டம் இன்னும் கிடைத்துவிடவில்லை.

நீ கேட்ட வரலாறு இதுதான். பட்டம் முந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. முதல் பிரபுவுக்கு எல்லாம் பெண்பிள்ளைகள். ஆகவே ஆண்வாரிசு இல்லாவிட்டால் பெண்ணுக்குப் போகலாம் என்று அரசரிடம் எழுதி வாங்கிவிட்டார். போன கார்த்திகையில் இறந்த கடைசிப் பிரபுவுக்குப் பிள்ளைகளே இல்லை. அவருடைய தம்பி இங்கே வந்து பக்கத்து ஊர் பகேரியாவில் பெண்ணெடுத்தவர். அந்தத் தம்பியின் ஒரே மகள்தான் சிஞ்ஞோரா. பிரபுவின் அக்கா மகன் ஒருவரும் பட்டம் கேட்கிறார். தம்பியின் பிள்ளை இருக்கையில் அவருக்கு முறை வராது என்கிறார் வழக்கறிஞர்.

பிறகு ஏன் இழுபட்டது? சிஞ்ஞோராவின் ஞானஸ்நானப் பதிவில் 'பிரபுவின் நிபோத்தே' என்று இருக்கிறது. இத்தாலியனில் பேத்தியும் நிபோத்தே, தம்பி மகளும் நிபோத்தே. மொழிபெயர்த்தவர் ஆங்கிலத்தில் 'பேத்தி' என்று போட்டுவிட்டார். லண்டன்காரர் விளக்கம் கேட்டார்கள்.

"பிள்ளையே இல்லாத மனிசனுக்குப் பேத்தி எங்காலை வந்தவ?" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கடை பாசையிலை தம்பியின்ரை மகள் பெறாமகள், அக்காவின்ரை மகன் மருமகன். மாறிச் சொன்னா கலியாணமே குழம்பிப்போம்" என்று சிஞ்ஞோராவுக்கும் விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து சிஞ்ஞோரா தொலைபேசியை எடுத்தாலே "சோனோ பெறாமகள்", நான் பெறாமகள் என்கிறார். வழக்கறிஞர் பாவம். திருத்திய மொழிபெயர்ப்பு போன கிழமைதான் லண்டன் சேர்ந்தது.

இனி உன் விடயம். உன்னிடம் வர அம்மா கேட்ட விசாவை இரண்டு தரம் மறுத்தார்கள். பட்டம் உறுதியானால் சிஞ்ஞோரா ஜூலையில் கிளென்வாரா போய் ஆறு கிழமை தங்க வேண்டும். தனியே போகமாட்டாராம். யோசப்பின், அதுதான் உன் அம்மா, வராவிட்டால் அந்தக் குளிருக்குள் தனக்கு என்ன வேலை, பட்டத்தைப் பிரபுவின் அந்த மருமகனே கொண்டுபோகட்டும் என்று வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டார். தன் பணியாளாக அம்மாவை அழைத்துவரும் பத்திரங்களையும் சிஞ்ஞோராவே ஆயத்தப்படுத்துகிறார். அங்கிருந்து உன் வீடு ரயிலில் நாலு மணித்தியாலம்.

உனக்கும் ஜூலைக் கடைசிதானே நாள். அம்மா அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் பிள்ளைப்பெற்றவளுக்கு அரைக்கிற காயச்சரக்கைப் பல்கனியில் காயவைத்து, சிஞ்ஞோராவின் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஏன் அங்கே என்று கேட்டேன். "சீமாட்டியின்ரை பெட்டியை ஆர் கிண்டப்போறான்?" என்றார். சிஞ்ஞோராவுக்கும் தெரியும், தன் சட்டைகளெல்லாம் மிளகு மணக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார்.

லண்டன் முடிவு ஜூன் கடைசிக் கிழமைக்கு முன் வரும் என்கிறார் வழக்கறிஞர். அதன் பிறகு விசாவுக்கு மூன்று கிழமை. பாரம் ஒன்றும் தூக்காதே, மகள். வயிற்றிலிருக்கிறவருக்கும் அவசரம் வேண்டாமென்று சொல்லிவை. அம்மம்மா வந்து சேரட்டும்.

ஆசீருடன்,
அப்பா அருளையா