கனிஷ்கா பிடித்த கை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும், கரோலின் எழுதுவது. நான் நல்ல சுகம். அப்பாவின் இருமல் குறைந்ததா? தூத்துக்குடியில் மழை உண்டா?

போன சனிக்கிழமை கம்பெனி வேலையாகப் பொள்ளாச்சி பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்குத் திடீரென வலி கண்டுவிட்டது. பெயர் கனிஷ்கா, தனியாக வந்திருந்தாள். பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடி முடிந்தது. கிணத்துக்கடவில் இறக்கி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"அக்கா, என்னைய உட்டுப்போட்டுப் போயிராதீங்க" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழந்தை பிறக்கும்வரை விடவே இல்லை. பெண் குழந்தை. முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள்.

தாராபுரத்திலிருந்து ஓடிவந்த அவள் கணவர், "உங்களுக்கு நாங்க என்னங்க செய்யறது?" என்று கேட்டார். குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். கோயம்புத்தூர் வந்த இத்தனை மாதத்தில் என் கையை ஒருவர் பிடித்தது அன்றுதான். ஹாஸ்டலுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழந்தையைப் போர்த்த அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றைத் துவைத்து அனுப்புங்கள். எனக்கும் ஒன்று வேண்டும். அதைத் துவைக்க வேண்டாம்.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது.

கரோலின்