வெள்ளிக்கிழமைப் பெட்டியை நீ சாப்பிட்டாயா?

எடி, வருகிற சனிக்கிழமை நான் நாற்பது பேருக்கு ஜப்பானிய வசந்தகாலச் சாப்பாடு சமைக்கப் போகிறேன், ஜப்பானை வீடியோவில் மட்டுமே பார்த்த நான், ஸ்காபரோவில், உண்மையான ஒரு மண்டபத்தில்!

முதலில் மோசடி என்றுதான் நினைத்தேன். என் சமையல் வீடியோக்களைப் பார்த்ததாகச் சொல்லி ஒரு மண்டபத்துக்காரர் எழுதியிருந்தார். அதைப் பார்ப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியாதா? பாதிப் பேர் என் சொந்தக்காரர். மின்னஞ்சலை மூன்று தரம் வாசித்து, நேரே போய் மண்டபத்துக் கதவைத் தட்டிப் பார்த்த பிறகுதான் "ஓம்" என்றேன்.

இன்று காலை அவர்கள் அனுப்பிய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சாப்பாட்டிலும் என்னென்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். குசினி முழுக்கத் தாஷி மணம். ஜப்பானிய வீட்டுச் சமையலில் முக்கால்வாசி அந்தத் தெளிந்த சாற்றில்தான் தொடங்குகிறது. காய்ந்த மீனை மெல்லிய சீவலாகச் சீவி, சுடுநீரில் போட்டு வடிக்க வேண்டும். எங்கள் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. "மூங்கில் குருத்துச் சோறு: அரிசி, குருத்து, சோயா, மீன்" என்று தட்டினேன். மீன் என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது.

போன வசந்தத்தில் உனக்குக் கீமோ நடந்தபோது ஏழு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்தேன். மிசிசாகா வேலைக்கு எனக்கு அன்றுதான் லீவு. இரண்டு பஸ் மாறி, ரூஜில் உன் வீட்டு வாசலில் இறங்கும்போதும் பெட்டி சூடாக இருக்கும். உங்கள் வீட்டில் வெள்ளி சைவம் என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அதனால் ஒரு மீன் துண்டுகூட வைக்கவில்லை, அத்தனை கவனம்! ஆனால் எங்கள் கத்தோலிக்க வீட்டில் தவக்கால வெள்ளி என்றால் இறைச்சிதான் இல்லை, மீன் தாராளம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மண்டைக்குள் சாறு மீனாகப் பதியவே இல்லை. ஏழு சைவ வெள்ளியும் உனக்கு மீன் சாறு, மச்சம், கொண்டுவந்திருக்கிறேன்.

ஏழு வெள்ளியும் நான் திரும்பப் பஸ் ஏறி இருக்கக்கூட இல்லை, உன் செய்தி வந்துவிடும்: "முடிச்சிட்டன்டி. வழிச்சுச் சாப்பிட்டன். நீ கடை போடலாம்."

வாசலிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு நாலு நிமிடம். கீமோ நடக்கிற ஒருத்தி நாலு நிமிடத்தில் ஒரு பெட்டிச் சோற்றை முடிப்பாளா? போனைத் தோண்டினேன். நீ அனுப்பிய படங்கள் ஏழு. எல்லாவற்றிலும் பெட்டி நிறைந்திருக்கிறது. வெறும் பெட்டி ஒன்றுகூட இல்லை.

நீ நன்றாக நடிப்பாய், அதுவும் நினைவுக்கு வந்தது. ஒருநாள் கம்பளித் தொப்பியோடு கட்டிலில் சாய்ந்திருந்தாய். மூங்கில் குருத்தை அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு செத்தல் மிளகாயும் போட்டு அவித்தால்தான் காறல் போகும் என்று நான் போனில் வீடியோ காட்டி விளக்கினேன். செத்தல் மிளகாயைக் கண்டதும் எழும்பி இருந்தாய்.

"அப்ப உது எங்கட சாப்பாடுதானேடி! சும்மா ஜப்பான் ஜப்பான் எண்டு படம் காட்டுறாய்."

"மிளகாயைப் பிறகு எறிஞ்சுபோடுவினம்."

"எறியிறதோ? அம்மா, இவளை வெளியில விடுங்கோ!"

அவ்வளவு சிரித்தாய். அன்றைக்கும் "முடிச்சிட்டன்" வந்தது.

நாற்பது பேருக்கு "ஓம்" சொன்னது உன் சொல்லை நம்பித்தான். குடும்பத்துக்கு வெளியே என் சமையலைச் சாப்பிட்ட ஒரே ஆள் நீ. அது பொய்யென்றால் நாளைக்குள் நான் விலக வேண்டும். கேட்க நீயும் இல்லை. பஸ் எடுத்து உன் அம்மாவிடம் போனேன்.

"அன்ரி, ஒண்டு கேக்கவோ? உண்மையைச் சொல்லோணும்."

"என்ன பிள்ளை, பொலிஸ் மாதிரி?"

"வெள்ளிக்கிழமைப் பெட்டியை அவள் சாப்பிட்டவளோ?"

அன்ரி தேத்தண்ணிக் கோப்பையை மெல்ல வைத்தார். "முதல் நாளே மூடி திறக்கக் கருவாட்டு மணம். மச்சம் எண்டன். 'அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா, றோட்டில நிண்டு அழுவாள்' எண்டிட்டாள்."

"அப்ப குப்பைக்குள்ளயோ?"

"சீ, என்ன கதை உது? பிரிட்ஜுக்குள்ள வைச்சுச் சனிக்கிழமை விடியச் சாப்பிட்டவள்."

"எல்லாத்தையுமோ?"

"ரெண்டு வாய். அந்த நேரம் எது குடுத்தாலும் வாய்க்கு இரும்பு மாதிரிக் கிடக்கு எண்டுவாள். மூங்கில் சோறு நான்தான் சாப்பிட்டன். உப்புக் காணாது பிள்ளை."

நான் படிவத்தை நினைத்துக்கொண்டு எழும்பினேன்.

"இரு. ஒரு கைப்புக் கீரை கொண்டு வாறனியெல்லோ, மொட்டோட? அதை மட்டும் ஒரு இலை மிச்சம் விடமாட்டாள். 'இது ஒண்டுதான் அம்மா இரும்பில்லை' எண்டாள். எனக்கு ஒரு வாய்கூடத் தரேல்லை."

அது நனோஹானா. கடுகு இனத்துப் பூமொட்டு. அது இங்கே கிடைக்காமல் நான் இத்தாலியன் கடையில் அதே இனத்து ராப்பினிக் கீரை வாங்கி, மின்னும் பச்சையாக அவித்து, அரைத்த கடுகிலும் சோயாவிலும் பிரட்டியது. குளிரில் கிடந்த உடம்பை எழுப்ப, வசந்தம் வந்ததும் கைப்பாக எதையாவது சாப்பிடுவது அங்கே வழக்கம் என்று உனக்கு நீட்டி முழக்கியிருக்கிறேன். நீ கொட்டாவி விட்டாய். அந்தக் கொட்டாவியை நான் நம்பிவிட்டேன்.

விலகவில்லை. படிவத்தைத் திருத்தினேன். கைப்புக் கீரை முதலில் வரும், கொசுறாக இல்லை, நிறைய. சாறு கடற்பாசியில் மட்டும். மூங்கில் சோற்றுக்கு உப்புக் கூடும். அன்ரி முன் வரிசையில் இருப்பார்; "நல்லாயில்லாட்டி சொல்லுவன்" என்று எச்சரித்திருக்கிறார்.

உன்னோடு இன்னும் கோபம்தான். இனி யாராவது "சூப்பர்" என்றால் முகத்தைப் பார்க்கமாட்டேன், தட்டைப் பார்ப்பேன். அந்தப் பார்வையை எனக்குப் பழக்கிவிட்டுப் போனது நீ.

இதைப் பொதுவில்தான் போடுகிறேன். வாசிக்கிறவர்களே, சனிக்கிழமை வருகிறவர்கள் எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். வர முடியாதவர்கள் வரக்கூடிய ஒருவருக்கு அனுப்புங்கள். சாப்பிட்ட பிறகு பிடிக்காததை என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எனக்காகப் பொய் சொல்ல ஒருத்தி இருந்தாள். அந்த வேலைக்கு நான் வேறு ஆள் எடுக்கவில்லை.