விழுங்காத மாத்திரை

பிப்ரவரி 2

இவெலிஸ் அக்கா படிப்பதெல்லாம் மருந்து. ஆனால் மருந்துக்குக்கூடச் சிரிக்கமாட்டாள். அடுத்த வாரம் நேர்காணல். தலைநகர் சான் ஹுவானில் பெரிய ஆஸ்பத்திரியில் ஓராண்டுப் பயிற்சி. டாக்டர்களோடு வார்டு வார்டாக நடந்து, ‘இந்த மருந்து இவருக்கு ஆகாது’ என்று சொல்லும் வேலை. இடம் இரண்டு, கேட்டவர்கள் நாற்பத்தொரு பேர்.

ஒத்திகைக்கு நான்தான் அதிகாரி. அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

“உங்க பலவீனம்?”

“என் தங்கச்சி.”

“பலம்?”

“அவளோட பதினாறு வருஷம் தாக்குப்பிடிச்சது.”

“நீங்க செஞ்ச ஒரு தப்பு?”

“அவளுக்கு அஞ்சு வயசுல, விளையாட்டா அப்பாவோட மாத்திரையைக் கொடுத்துட்டேன். மயங்கி விழுந்துட்டா. என்ன மாத்திரைன்னு டாக்டர் கேட்டார். எனக்குப் பேர் தெரியல. அன்னிக்குத்தான் இந்தப் படிப்புன்னு முடிவு பண்ணேன்.”

விண்ணப்பக் கடிதத்திலும் இதையே எழுதி அனுப்பியிருக்கிறாளாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். தலை சுற்றியது கண்ணாடியால் அல்ல.

பிப்ரவரி 3

சின்ன வயதில் இஸ்திரி மேசைதான் எங்கள் மருந்துக்கடை. அக்கா தேங்காய் மிட்டாயை நகத்தளவு உடைத்து, காகிதத்தில் மடித்து, என் பெயர் எழுதித் தருவாள். “நோயேமி. பேர்லயே நோய் இருக்கு, நீதான் நோயாளி.” சாப்பாட்டுக்குப் பின் என்பாள். நான் முன்னும் பின்னும் நடுவிலும் தின்பேன். தகரக் கூரையில் எங்கள் ஊர் மயாகுவெஸின் மழை கொட்டும். அந்த மதியங்களைப்போல் இனிப்பாக எதையும் நான் தின்றதில்லை.

அன்று மிட்டாய் தீர்ந்துவிட்டது. அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையை மடித்துக் கொடுத்தாள். கசந்தது. துப்பிப் பூந்தொட்டியில் புதைத்தேன். அப்புறம் ஏன் விழுந்தேன்? டிவி தொடரில் ஒருத்தி அழகாக மயங்கி விழுவாள், அவ்வளவுதான். பதின்மூன்று வயது அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினாள், ஒற்றைச் செருப்போடு. அவள் அழுகையைக் கேட்டதும் கண் திறக்கப் பயம்.

பதினோரு வருடமாக விழுந்தே கிடக்கிறேன்.

பிப்ரவரி 5

சொன்னால் அவள் கடிதம் பொய். சொல்லாவிட்டால் நான்.

பிப்ரவரி 8

பாத்திரம் துடைக்கும்போது சொல்லிவிட்டேன்.

“விழுங்கினியா, இல்லியா?” — முதல் கேள்வியே அதுதான்.

“இல்ல. தொட்டியில புதைச்சேன்.”

“மயக்கம்?”

“நடிப்பு.”

காய்ந்துபோன தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பதினோரு வருஷம்டி. நீ தூங்குறப்போ மூச்சு வருதான்னு எத்தன ராத்திரி வந்து பார்த்திருக்கேன், தெரியுமா?”

தெரியாது. நான்தான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேனே.

பிப்ரவரி 9

அக்கா என்னோடு பேசவில்லை. வழக்கம்போல் அவள் காபியில் உப்புப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 11

நேர்காணல் கம்ப்யூட்டரில். நான் கதவுக்கு வெளியே. அதே கேள்வி வந்தது — நீங்கள் செய்த ஒரு தப்பு. வேறு எதையாவது சொல்லித் தொலையேன் என்று வேண்டிக்கொண்டேன்.

“கடிதத்துல ஒரு திருத்தம் இருக்கு,” என்றாள். “என் தங்கச்சி அந்த மாத்திரைய விழுங்கலன்னு மூணு நாள் முன்னாடிதான் எனக்குத் தெரிஞ்சது. அவ விழுந்தது நடிப்பு. நான் கொடுத்தது நடிப்பு இல்ல. பேர் தெரியாத மருந்த ஒரு குழந்தை கையில கொடுத்தேன். தப்பு அப்படியேதான் இருக்கு.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஓர் ஆண் குரல்:

“அந்தத் தங்கச்சி இப்ப எங்க?”

“கதவுக்குப் பின்னாடி ஒட்டுக்கேட்டுட்டு இருக்கா.”

அவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மார்ச் 17

கிடைத்துவிட்டது. அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அக்கா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

ஜூலை 9

அவள் போய்ப் பத்து நாள். வீட்டில் ஏமாற ஆள் இல்லை. எனக்குக் காய்ச்சல். அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். என்ன போட்டுக்கொண்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். டப்பாவைப் பார்த்து வாசித்தேன். ‘நடிக்கிறியா?’ என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“தண்ணி நிறையக் குடி. அஞ்சு மணிக்குக் கூப்பிடுறேன்,” என்றாள்.

கூப்பிட்டாள்.