சாக்குக்கு ஒரு கிலோ

1989 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை

நாளை அருப்புக்கோட்டையில் மாவட்டக் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் களத்தில் இறக்க மாட்டார்கள். என் வத்தல் கடை வாசலில் நாலு நாளாக இதே பேச்சு. எங்கள் ஊர்ப் பையன்களில் எதிரணிப் பக்கம் பாடிப் போவதற்குச் செல்வத்தை விட்டால் ஆளில்லை என்பது என் கட்சி. மற்றவர்களுக்கு, பாய்ந்து காலைப் பிடிக்கிற பாண்டிதான் பெரிது.

சாயங்காலம் இரண்டு பேரையும் மூட்டைத் தராசில் ஏற்றினேன். முதலில் பாண்டி, சரியாக ஐம்பத்து மூன்று. அடுத்து செல்வம்.

"ஐம்பத்து நாலரைதாம்லே. போயி வயிறாரச் சாப்பிடு" என்றேன்.

கடையைச் சாத்தும்போதுதான் உறைத்தது. வத்தல் மூட்டைக்குக் கழிப்பதுபோல அவனுக்கும் சாக்குக்கு ஒரு கிலோ கழித்துவிட்டேன். ஐம்பத்தைந்தரை!

செருப்புப் போடாமல் ஓடினேன். செல்வம் கோழிக்குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி சொன்னாகன்னுதான் கோழி அடிச்சேன்" என்றாள் அவன் அம்மா.

தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தபடி தட்டைத் தள்ளி வைத்தான்.

"விடுங்கண்ணாச்சி, காலைல பஸ்ஸு வேணாம். ஓடியே போயிருதேன்."

"நானும் சைக்கிள்ல கூட வாரேன்."

"சைக்கிள் எதுக்கு? என் தோள்ல ஏறிக்கிருங்க, சுருக்கா எடை எறங்கிரும்."

எல்லாம் பழக்க தோஷம் என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். பாண்டிக்கு நான் சாக்குக் கழிக்கவில்லையே.