கோத்தகிரி பஸ்ஸில் நடந்த விசாரணை

அம்மா,

இன்று காலை குளிர் தாங்காமல் ஒரு ஸ்வெட்டர் தேடி உன் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. வெலிங்டன் ராணுவ ஸ்டோரில் கம்பளிகளுக்கும் ஸ்வெட்டர்களுக்கும் நடுவே நீ வேலை பார்த்த காலமெல்லாம், மாலையில் உனக்கு முன்னால் இந்த வாசனைதான் வீட்டுக்குள் வரும். போன ஆடி மழையில் உன்னை அடக்கம் செய்தோம். பீரோவை மூட மனசு வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னை நினைத்தால் மற்றவர்களுக்குப் பாசமோ பலகாரமோ ஞாபகம் வரலாம். எனக்கு முதலில் வருவது உன் சந்தேகம்.

நீ எதைத்தான் நம்பினாய்? பால்காரரை நம்பமாட்டாய், டிவியில் மழை வரும் என்பவரை நம்பமாட்டாய். பூசையில் ஃபாதர் இருமினால், "இன்னிக்குப் பிரசங்கம் தயார் பண்ணாம வந்திருக்காரு" என்று என் காதில் கிசுகிசுப்பாய். ஸ்டோருக்கு லாரியில் சரக்கு வந்து இறங்கினால் மேலே இருக்கும் பெட்டியை நீ தொடவே மாட்டாய் என்று உன்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். "மேல இருக்கற பெட்டி எப்பவும் நல்லாத்தான் இருக்கும். அடிப்பெட்டியப் பிரிச்சுப் பார்க்கோணும்" என்பாய்.

அப்படிப்பட்ட உன்னிடம் வந்து, லிபரல் ஸ்டடீஸ் படிக்கப் போகிறேன் என்றேன். அப்பா இல்லாத வீட்டில் நீதான் ஒரே நீதிபதி.

"அப்படின்னா?"

"எல்லாத்தையும் சேர்த்துப் படிக்கிறதும்மா. வரலாறு, அறிவியல், பொருளாதாரம், இலக்கியம்…"

"லிபரல்னா தாராளம்தான? எதுல தாராளம்? மார்க் போடறதுலயா?"

அந்தப் பல்கலைக்கழகம் மலைக்குக் கீழே, கோவைக்கு அந்தப்பக்கம் இருந்தது. லீவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே விசாரணை ஆரம்பித்துவிடும். காலையில் நதிகளைப் பற்றி ஒரு வகுப்பு, மத்தியானம் புள்ளியியல், சாயங்காலம் நாடகம் என்று சொன்னேன். நீ கீரை ஆய்வதை நிறுத்தினாய். "ஒரே கடையில பருப்பும் செருப்பும் வித்தா நான் ரெண்டையும் வாங்க மாட்டேன், கண்ணு."

பக்கத்து வீட்டுப் பெண் நர்சிங், எதிர்வீட்டுப் பையன் எஞ்சினியரிங். ஞாயிற்றுக்கிழமை கோயிலை விட்டு வெளியே வரும்போது, "பாப்பா என்ன படிக்குதுங்க?" என்று யாராவது கேட்பார்கள். "படிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரிப்பாய், மழை இல்லாவிட்டாலும். எனக்கு அது வலித்தது, அம்மா. என்னை மறைக்கிறாய் என்றே நினைத்தேன்.

முதல் வருஷப் பரீட்சை நெருங்கும்போது தீர்ப்பு வந்தது. "மே மாசம் வரைக்கும் பார்ப்பேன். என் மனசு ஒப்பலைன்னா ஊட்டியில பி.காம். சேர்த்துருவேன்." நீ சொன்னால் சொன்னதுதான். அந்தப் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வருவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கேதான் முதல்முதலாக எனக்குத் தலை என்று ஒன்று இருப்பது எனக்கே தெரிந்தது. அதை உன்னிடம் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஏப்ரலில்தான் எங்கள் வகுப்பு முழுவதும் மலைக்கு வந்தது. கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளைப் பார்த்துப் பேசி, ஒரே தோட்டத்தை மண், கூலி, பாட்டு, விலை என்று ஆளுக்கொரு பக்கமாக எழுத வேண்டும். "ஊட்டிக்கு டூர் வர்றதுக்குப் பேரு படிப்பா?" என்று போனில் கேட்டாய். அதோடு விட்டுவிட்டாய் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் அரசு பஸ்ஸில் ஏறினால், நீ ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறாய். குடையும் கையுமாக, மடியில் ஒரு வர்க்கி பிஸ்கட் பொட்டலம்.

"அம்மா, நீ எங்கே இங்கே?"

"கோத்தகிரில ஒரு வேலை இருக்குது. பஸ்ஸு உங்க யுனிவர்சிட்டியோடதா?"

பேராசிரியர் வணக்கம் சொல்லிப் பக்கத்தில் இடம் காட்டினார். நீ போகவில்லை. வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பெண் எழுந்து இடம் தந்தாள். அவளையும் தாண்டிப் போனாய். கடைசி சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த கிஷோரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். திருப்பூர்க்காரன், முதல் செமஸ்டரிலேயே இரண்டு பேப்பரைக் கோட்டை விட்டவன், வகுப்புக்கு வருவதே அபூர்வம். அடிப்பெட்டியைத்தான் பிரிக்கப் போகிறாய் என்று புரிந்துவிட்டது.

வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தேன். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நீ கேட்கிறாய், அவன் வர்க்கியைக் கடித்துக்கொண்டே கையை விரிக்கிறான். ஒருமுறை தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினான். இன்னொரு முறை நீ சிரித்தாய். நீ வெளி ஆளிடம் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் அதுவும் பயமாகவே இருந்தது.

தோட்டத்தில் இறங்கியதும் பேராசிரியரிடம் போனாய். "ஏனுங்க சார், ஒரு செடியைப் பார்க்க இத்தனை பேரா?"

"ஒவ்வொருத்தரும் வேற வேற விஷயத்தைப் பார்ப்பாங்கம்மா."

"எல்லாரும் ஒண்ணையே பார்த்தாத்தானுங்க தப்பு தெரியும்?"

அவர் சிரித்து, யோசிக்க வேண்டிய கேள்வி என்றார். நீ என்னிடம் குனிந்து, "பதில் தெரியலைன்னா இப்படித்தான் சொல்லுவாங்களா?" என்றாய். கோத்தகிரியில் இருந்த வேலை என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை. அடுத்த பஸ் பிடித்துப் போய்விட்டாய்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். தோசை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "பி.காம். வேண்டாம். இதையே படி. எனக்கு நம்பிக்கை வந்திருச்சுன்னு மட்டும் நினைக்காதே."

கிஷோர் என்ன சொன்னான் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! நீ பேச்சை மாற்றிவிடுவாய். அவனைக் கேட்டால், "ஆன்ட்டி சொல்லக்கூடாதுன்னுட்டாங்க" என்பான். எனக்காக நன்றாகப் பொய் சொல்லியிருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு, படிப்பு முடியும்வரை அவனுக்குக் குறிப்பு எடுத்துக் கொடுத்தேன்.

படித்து முடித்து எனக்குக் கிடைத்த வேலையையும் நீ நம்பவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் உண்மையா என்று சரிபார்க்கும் அலுவலகம் என்றதும், "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க? ஆபீஸ்ல பாத்ரூம் எப்படி இருக்குது?" என்றுதான் கேட்டாய்.

உன் அடக்கத்துக்குக் கிஷோர் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். எல்லாரும் போன பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் நனைந்துகொண்டு நின்றான். இனிமேலாவது சொல்லேன்டா என்றேன்.

"நான் ஒண்ணும் நல்லதா சொல்லலை. இதுல என்ன தம்பி கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லைங்க ஆன்ட்டின்னேன். வேலை கிடைக்குமான்னாங்க. தெரியலீங்கன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எப்படி என்னைப் படிக்க விட்டாங்க?"

"அப்புறம் உன்னைப் பத்திக் கேட்டாங்க. 'ஸ்கூல்ல இவ வாயே திறக்க மாட்டா தம்பி. யாரு என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துருவா. எனக்கு அப்புறம் இவளை ஊரே ஏமாத்திருமேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. இங்கயும் அப்படித்தானா?'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. 'அவளா? சார் எது சொன்னாலும் எப்படி சார் தெரியும், யாரு சார் பார்த்தாங்கன்னு உயிரை வாங்கறா ஆன்ட்டி. இவளால நாங்க ஒரு நாளும் நேரத்துக்குச் சாப்பிடப் போனதில்லை'ன்னேன். உங்கம்மா அப்படிச் சிரிச்சாங்க. பொட்டலத்துல மிச்சமிருந்த வர்க்கி எல்லாத்தையும் என் கையில கொடுத்துட்டாங்க. 'அப்ப சரி. அந்தப் படிப்பே ஏமாத்து வேலையா இருந்தாலும் அவளே கண்டுபிடிச்சுக்குவா'ன்னாங்க."

அந்த மழையில் நின்று அழுதேன், அம்மா. நீ படிப்பைச் சோதிக்க வந்தாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

இப்போது நான் பார்க்கும் வேலை என்னைச் சும்மா விடுவதில்லை. சாவு வீட்டில் மனிதர்கள் ஆறுதலாக எதையாவது சொல்வார்கள். ஒருவன் மட்டும் சொன்ன செய்தி, அதுவும் கிஷோர் சொன்னது, என் மேசைக்கு வந்தால் நான் ஏற்கவே மாட்டேன். மறுபடி அவனுக்குப் போன் போட்டு, வேறு விதமாகக் கேட்டு, சொன்னதையே சொல்கிறானா என்று பார்க்கப் பலமுறை கை போயிருக்கிறது. உன்னைக் கேட்டிருந்தால், "அவன் உளறுவான்" என்று சொல்லியிருப்பாய்.

நான் போன் போடவில்லை. போடவும் மாட்டேன். வேறு யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறேன். நீ அன்று சிரித்தது என்னை நினைத்துத்தான் என்பதை மட்டும், ஒன்றும் கேட்காமல், அப்படியே நம்பிக்கொள்கிறேன்.